பக்கத்து மிஷின் நின்றால் யார் எழுந்து போவார்?

பனியன் கம்பெனி நடத்துகிறேன். டெய்லர்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் ஒருவருக்கொருவர் உதவுவதில்லை. ஒத்துப்போகிற ஆட்களை எப்படிப் பிடிப்பது? – வாசகர், திருப்பூர்

கவலைப்படாதீர்கள், ஆட்கள் நல்லவர்கள்தான். கூலிக் கணக்கை மாற்றுங்கள். பீஸ் ரேட்டில் தைப்பவர், பக்கத்து ஓவர்லாக் மிஷினில் நூல் அறுந்தாலும் எழுந்து போக மாட்டார். போனால் அவர் கூலியல்லவா குறையும்? செக்கிங்கில் தேறிய பீஸ்களைக் கணக்கிட்டு, டெய்லர்களுக்கு உதவும் கைமடி ஆள் உட்பட லைன் முழுவதற்கும் ஊக்கத்தொகை கொடுங்கள். சனிக்கிழமைச் சம்பளத்தோடு அது கைக்கு வந்துவிட வேண்டும்.

புது ஆளைத் தைத்துக் காட்டச் சொல்வதோடு விடாமல், கூலி கொடுத்து அரை ஷிப்ட் லைனில் உட்கார வையுங்கள். முன்னவர் தையலில் தப்பு வந்தால் எடுத்துச் சொல்கிறாரா, பேசாமல் தள்ளிவிடுகிறாரா? லைன்காரர்களையே கேளுங்கள். ஒத்துப்போன லைனை மட்டும் அவசர ஆர்டருக்காகக் கலைக்காதீர்கள்.