பத்து மீட்டரில் ஒரு பாடம்

துப்பாக்கி என்றாலே நம் வீடுகளில் பயம். ஆனால் குறிபார்த்துச் சுடுதல் பொறுமையைப் பழக்கும் விளையாட்டு. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019இல் ரியோ உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றது இதில்தான்.

காற்றுத் துப்பாக்கிக்கு இலக்கு 10 மீட்டர் தொலைவில். ஈயக்குண்டு 4.5 மில்லிமீட்டர், இலக்கின் நடுப்புள்ளியோ அரை மில்லிமீட்டர்தான்! கண்ணருகே உள்ள துளைக்கும் முனையிலுள்ள குறிக்கும் இடையே 80 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அங்கே 1 மில்லிமீட்டர் பிசகினால் இலக்கில் 12 மில்லிமீட்டருக்கு மேல் விலகும். தண்டவாளம் அளந்து பழகிய எனக்கு இக்கணக்கு பிடித்துப்போயிற்று.

ரயில்வே பணியில் நான் ஊர் ஊராக மாறினேன். மகள் விடுதியில் வளர்ந்தாள். ஓய்வுபெற்றபின் ஞாயிறுதோறும் இருவரும் பயிற்சிக்கூடம் செல்கிறோம். அங்கே கற்கும் விதிகள் இவை:

1. துப்பாக்கி முனை எப்போதும் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும்.

2. குறிபார்க்கும்வரை விரல் விசையைத் தொடக்கூடாது.

3. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை மெல்ல அழுத்த வேண்டும்.

4. சில விநாடிகளில் குறி நிலைக்காவிட்டால், துப்பாக்கியை இறக்கி மறுபடி தொடங்க வேண்டும்.

நான்காவதை, "அப்பா, இறக்குங்க" என்று மகள்தான் நினைவூட்டுவாள். அப்படி இறக்கிவைத்த இடைவேளை ஒன்றில்தான் விடுதி நாட்களின் தனிமையை அவள் முதன்முறையாகச் சொன்னாள். எதிரெதிரே உட்கார்ந்தபோது வராத பேச்சு, அருகருகே நின்று ஒரே இலக்கைப் பார்க்கையில் வந்தது. உங்கள் ஊரிலும் பயிற்சிக்கூடம் இருந்தால், பிள்ளைகளோடு ஒருமுறை போய்வாருங்கள்.