கண்ணும் திரையும்

தொலைக்காட்சித் திரையில் தோன்றும் படம் பல லட்சம் புள்ளிகளால் ஆனது என்பதை நாம் அறிவோம். முழு எச்.டி. திரையில் 1920 × 1080, அதாவது ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. 4கே திரையில் இதைப்போல் 4 மடங்கு. 8கே திரையில் 16 மடங்கு. 2015-ஆம் ஆண்டில் ஷார்ப் நிறுவனம் 8கே பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2018 டிசம்பர் 1-ஆம் நாள் ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் 8கே ஒளிபரப்பைத் தொடங்கியது. ஆயினும் 4கே பரவியதுபோல் 8கே பரவவில்லை. காரணம் என்ன?

விடை நம் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. இரு புள்ளிகள் கண்ணில் ஏற்படுத்தும் கோணம் ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்குக்குக் குறைந்தால், சாதாரணக் கண்ணுக்கு அவை ஒன்றாகவே தெரியும். 3 மீட்டர் தொலைவில் இந்த எல்லை ஏறத்தாழ 0.87 மி.மீ. 55 அங்குல முழு எச்.டி. திரையிலேயே ஒரு புள்ளியின் அகலம் 0.63 மி.மீ. தான், 4கே-யில் 0.32, 8கே-யில் 0.16.

புதுப் பெட்டி வாங்க எண்ணிய என் தந்தையார், "எதைப்பா வாங்கலாம்?" என்று கேட்டார். அவர் பாய் விரித்து அமரும் இடத்திலிருந்து அளந்தேன், 3 மீட்டர். "விலை கூடியது நமக்கு வேண்டாம் அப்பா" என்றேன். நான் படித்த பாடம் வீட்டுக்குப் பயன்பட்ட முதல் நாள் அதுவே.

பெரிய திரையை அருகிலிருந்து பார்ப்பவருக்கே மிகுதியான புள்ளிகளால் பயன் உண்டு. ஆகவே, புள்ளிகளைப் பெருக்குவதைவிட, எத்தொலைவிலும் கண்ணுக்குப் புலப்படும் நிறத்தையும் ஒளியையும் மேம்படுத்தும் தயாரிப்பாளர்களுக்கே வருங்காலம் உண்டு எனலாம்.