ஜாக்கெட் ஏன் பிடிக்குது? நமக்கு நாமே தைக்கும்போது கவனிக்க வேண்டியவை



சென்ற மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் நடந்த வீட்டின் மூலையில் ஒரு தையல் மெஷின் இருந்தது. அதன் மேல் மடித்த துணிகள் அடுக்கியிருந்தன. "மெஷின் ஓடலையாக்கா?" என்று கேட்டேன். "நான் தைச்சது போதும் தாயி, என் கைக்கு இது வராது" என்றார் அந்த அக்கா.

அது குழுக்கடனில் வாங்கிய மெஷின். இன்னும் 7 தவணை பாக்கி. மெல்லப் பேச்சுக் கொடுத்தபோது விஷயம் வெளியே வந்தது. உள்பாவாடை, பேத்திக்குக் கவுன் என்று நன்றாகத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தைரியத்தில், இளைய மகள் வளைகாப்புக்குக் கட்ட வைத்திருந்த பட்டுச்சேலையின் ஜாக்கெட் துணியை வெட்டிவிட்டார். தைத்துப் போட்டுப் பார்த்தால் ஊக்கு மாட்ட முடியவில்லை. கையைத் தூக்க முடியவில்லை. "உனக்கு உடம்பு பெருத்துப் போச்சு" என்று வீட்டில் சிரித்திருக்கிறார்கள். ஜாக்கெட் பெட்டிக்குள் போனது, மெஷினும் நின்றுவிட்டது.

அந்த ஜாக்கெட்டை எடுத்துவரச் சொல்லி எல்லோரும் பார்த்தோம். தையல் நூல் பிடித்தது போல நேராக இருந்தது. குறை கையிலும் இல்லை, உடம்பிலும் இல்லை. அளவிலும் வெட்டிலும்தான் இருந்தது. அதைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன்.

1. அளவு இன்றைக்கு எடுங்கள்

அந்த அக்கா வைத்து வெட்டியது 4 வருஷத்துக்கு முந்திய அளவு ஜாக்கெட். பிள்ளை பெற்ற பிறகும், வயது ஏறும்போதும் பெண்கள் உடம்பு மாறும். அது தப்பு இல்லை. பழைய அளவு நமக்கு உதவாது, அவ்வளவுதான். நம் அளவை நாமே எடுத்தால் கையைத் தூக்கும்போது டேப் நகர்ந்துவிடும். கூச்சப்படாமல் குழுவில் ஒருவருக்கு ஒருவர் எடுங்கள். டேப்பை இறுக்க வேண்டாம். ஒரு விரல் உள்ளே போகட்டும்.

2. கால் அங்குலம் சின்னது இல்லை

மார்புச் சுற்றளவு 36 அங்குலம் என்றால் நாலில் ஒரு பங்கு 9 அங்குலம். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என்று நாலு பங்கு. ஒவ்வொரு பங்கிலும் கால் அங்குலம் குறைந்தால் மொத்தம் 1 அங்குலம் போய்விடும். ஊக்கு மாட்டாததற்கு இதுவே போதும்! அதனால் 9 அங்குலத்தோடு, மூச்சு விட அரை அங்குலமும் தையலுக்கு ஒன்றரை அங்குலமும் சேர்த்து வெட்டுங்கள்.

3. உள்ளே இருக்கும் துணியை நறுக்காதீர்கள்

அந்த அக்கா, "உள்பக்கம் நீட்டாத் தெரியணும்" என்று சைடு தையலுக்கு வெளியே இருந்த துணியை ஒட்ட நறுக்கிவிட்டார். பிரித்து விட இடமே இல்லை. உள்ளே துணி இருந்தால், ஒவ்வொரு ஓரத்திலும் அரை அங்குலம் விட்டாலே நாலு ஓரத்துக்கும் சேர்த்து 2 அங்குலம் கிடைத்திருக்கும். உள்ளே விட்ட துணி நம் சேமிப்புப் பணம் மாதிரி. என்றைக்காவது உதவும்.

4. கை தூக்க முடியவில்லையா?

உடனே கத்திரியை எடுத்து அக்குள் வளைவைக் கீழே வெட்டிவிடுகிறோம். பெரும்பாலும் இதனால் சிரமம் கூடத்தான் செய்யும். வளைவு கீழே இறங்கினால், கையைத் தூக்கும்போது ஜாக்கெட்டே மேலே ஏறும். முதலில் சைடு தையலையும் கைத் தையலையும் கொஞ்சம் பிரித்து விட்டுப் பாருங்கள். இடது கையும் வலது கையும் மாறித் தைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். கைத்துண்டில் முன்பக்க வளைவு அதிகமாகவும் பின்பக்க வளைவு குறைவாகவும் இருக்கும். மாறினால் முன்பக்கம் துணி மடிப்பு விழும், பின்பக்கம் இழுக்கும்.

5. மற்ற குறைகள்

* தோள் நழுவுகிறதா? கழுத்தின் அகலம் அதிகம். அடுத்த முறை ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் குறையுங்கள். தைத்து முடித்த ஜாக்கெட்டுக்குப் பின்கழுத்தில் நாடா வைக்கலாம்.
* டாட் முனை கூம்பி நிற்கிறதா? டாட்டை மார்பு உச்சி வரை இழுக்காதீர்கள். அரை முதல் 1 அங்குலம் முன்னாலேயே மெல்லச் சரித்து முடியுங்கள். முனையில் திருப்பித் தைக்காமல் நூலை முடிச்சுப் போடுங்கள்.
* துவைத்ததும் சுருங்குகிறதா? பருத்தித் துணியையும் பருத்தி லைனிங்கையும் வெட்டும் முன் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, தேய்த்துக்கொள்ளுங்கள். லைனிங் மட்டும் சுருங்கினால் மேல்துணி உப்பி நிற்கும். பட்டை ஊறவைக்க வேண்டாம்.

6. படிப்படியாக ஏறுங்கள்

முதலில் உள்பாவாடை. பிறகு குழந்தை உடுப்பு, நைட்டி. அதற்குப் பிறகுதான் ஜாக்கெட். அதையும் முதலில் பழைய சேலைத் துணியில் வெட்டுங்கள். கையால் நூல் ஓட்டி, போட்டுப் பாருங்கள். உட்காருங்கள், குனியுங்கள், குடம் எடுப்பது போல் கையைத் தூக்குங்கள். சரியாக வந்த பிறகு அந்த அளவைப் பேப்பரில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து புதுப் பருத்தித் துணி, அதன் பின் லைனிங், கடைசியில்தான் பட்டு.

ஒரு நோட்டும் போடுங்கள். தேதி, எடுத்த அளவு, என்ன குறை வந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்று நாலு வரி எழுதினால் போதும். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதலாம். ஐந்தாவது ஜாக்கெட் தைக்கும்போது முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தெரியும். நமக்கு நாமே தைத்த 3 ஜாக்கெட் பிடிப்பு இல்லாமல் உடம்பில் உட்கார்ந்த பிறகு வெளித்துணி வாங்குங்கள். அடுத்தவர் துணி கெட்டால் பணமும் போகும், பேரும் போகும்.

சரி, அந்தப் பட்டு ஜாக்கெட் என்ன ஆனது என்று கேட்பீர்கள். வெட்டிய மிச்சத்தில் ஒரு சாண் துணி இருந்தது. இரண்டு பக்கச் சைடு தையலையும், கையின் அடித் தையலையும் பிரித்தோம். நடுவில் ஒவ்வொரு நீளப் பட்டி வைத்துச் சேர்த்தோம். அக்குளுக்கு அடியில் வருவதால் ஒட்டு வெளியே தெரியவில்லை. அந்த அக்கா போட்டுப் பார்த்துவிட்டு, கையைத் தூக்கி உத்தரத்தைத் தொட்டுக் காட்டினார். வளைகாப்புக்கும் அதையே போட்டுக்கொண்டார்.

இந்த மாதம் போனபோது மெஷின் மேல் மடித்த துணி இல்லை. பழைய சேலையில் வெட்டிய ஜாக்கெட் துண்டுகள்தான் இருந்தன.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் ஓடாமல் நிற்கும் மெஷின் எத்தனை? ஏன் நின்றது?
2. ஒருவருக்கு ஒருவர் அளவு எடுக்க எந்த நாள் வசதி?
3. தைத்துப் பிடிக்காமல் பெட்டியில் வைத்த ஜாக்கெட் இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். சேர்ந்து பிரித்துப் பார்ப்போம்.

– கள ஒருங்கிணைப்பாளர்