இலவச சிகிச்சை எப்படிக் கட்டுப்படியாகிறது?

கேள்வி: மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் ஏழைகளுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை செய்கிறார்களே, செலவை யார் தருகிறார்கள்?

பதில்: நன்கொடைதான் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கட்டணம் செலுத்தும் நோயாளிகளின் பணமே பெரும்பாலும் அதைத் தாங்குகிறது. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் வெறும் 11 படுக்கைகளோடு தொடங்கியது இந்த மருத்துவமனை. முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களாலேயே கண்புரை அறுவை செய்தவர் அவர்; நினைக்கும்போதெல்லாம் மெய்சிலிர்க்கிறது.

இது கட்டுப்படியாவதன் சூட்சுமம் வேலைமுறையில் இருக்கிறது. ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். மருத்துவர் திரும்பினால் போதும். அளவெடுப்பது, தயார்ப்படுத்துவது, விளக்கிச் சொல்வது எல்லாம் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பு. கண்ணுக்குள் பொருத்தும் இறக்குமதி லென்ஸின் விலையும் கட்டுப்படியாகவில்லை. அதனால் 1992-இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி லென்ஸைத் தாங்களே தயாரித்தார்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. சிகிச்சை இலவசமென்றாலும், பார்வை மங்கிய பாட்டி பஸ் காசுக்கும் துணைக்கும் எங்கே போவாள்? அதனால் ஊரிலேயே முகாம் போட்டுப் பரிசோதித்து, வண்டியில் அழைத்து வந்து, சாப்பாடும் போட்டு, அறுவை முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள்.