பலகை பேசும் பணியிடம்

நுழையும்முன்

பணி நிலையையும் விதிகளையும் பணியாளர் அனைவரும் கண்ணால் கண்டறியச் செய்வது காட்சிவழி மேலாண்மை. பலகை, வண்ணம், விளக்கு, அட்டை ஆகியன அதன் கருவிகள். அவை பணியாளரைப் பணியில் பங்காளராக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

எல்லாரும் காணும் இடத்தில் எழுதி வைப்பது தமிழர்க்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூர்ச் சபையின் குடவோலைத் தேர்தல் விதிகள் கோவில் சுவரில் பொறிக்கப்பட்டன. பொதுவில் நிற்கும் விதியை ஒருவர் தம் விருப்பம்போல் மாற்றிச் சொல்ல இயலாது. பணியிடத்திற்கும் இஃது பொருந்தும்.

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் வழியிலுள்ள மங்கலம்பேட்டையில் வாகனப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். கருவிகளை ஒரே பெட்டியில் போட்டுவைத்தால், ஒரு ஸ்பானரைத் தேடுவதிலேயே நேரம் கழியும். ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பலகையில் வரைந்து, அதன்மேல் அக்கருவியை மாட்டினால், வெற்றுருவமே காணாத கருவியைக் காட்டிக்கொடுக்கும். நேற்றுச் சேர்ந்தவரும் எவரையும் கேளாமல் வேலையைத் தொடங்கலாம்.

இம்முறையை விரிவாக வளர்த்தது ஜப்பானின் டொயோட்டா நிறுவனம். அதன் வேர் ஒரு தறியில் உள்ளது. சகிச்சி டொயோடா உருவாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்தவுடன் தானே நின்றுவிடும். பழுதான துணி மேலும் நெய்யப்படாது. இக்கருத்தே பின்னர் வாகனத் தொழிற்சாலைக்கு வந்தது. அங்குப் பழுதைக் காணும் தொழிலாளி அருகிலுள்ள கயிற்றை இழுப்பார். 'ஆண்டன்' எனப்படும் பலகையில் விளக்கு எரியும். குழுத்தலைவர் விரைந்து வருவார். பழுது தீராவிடில் உற்பத்தி வரிசையே நிற்கும். தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த 'கான்பன்' முறையில், ஒரு பிரிவுக்கு எப்பொருள் எவ்வளவு தேவை என்பதை அட்டையே முந்தைய பிரிவுக்குத் தெரிவிக்கும்.

தமிழ்நாட்டிலும் இத்தகைய தரமுறைகள் வேரூன்றின. சென்னை, பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு, பணியாளர் அனைவரையும் ஈடுபடுத்தும் முழுமைத் தர மேலாண்மையைப் பின்பற்றி, 1998இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவில் அப்பரிசை முதன்முதலில் பெற்ற நிறுவனம் அதுவே.

ஆயினும், பலகை மாட்டுவதனால் மட்டும் ஈடுபாடு வந்துவிடாது. இலக்கை எட்டாதவர் பெயரைச் சிவப்பில் எழுதும் பலகை அச்சத்தையே வளர்க்கும். அஞ்சுபவர் பழுதை மறைப்பார். மறைத்த பழுது ஒருநாள் விபத்தாக வெளிப்படும். ஆகவே, பலகை பணியாளரைக் கண்காணிக்க அன்று, பணியைக் காட்டவே அமைய வேண்டும். அதில் பணியாளர் தம் கருத்தை எழுத இடமும், எழுதியதற்கு உரிய காலத்தில் விடையும் வேண்டும்.

மொழியும் இன்றியமையாதது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், அதன் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் தொழிலாளருள் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் காட்சிப்படுத்துமாறு விதித்தது. இன்று நம் தொழிற்கூடங்களில் பிற மாநிலத்தவரும் உழைக்கின்றனர். தமிழோடு அவர்தம் மொழியும் படக்குறியீடும் அமைந்தாலன்றி, இயந்திரத்தின் அருகிலுள்ள எச்சரிக்கை அவர்களின் கைகளைக் காக்காது.

டொயோட்டாவின் கயிறு உணர்த்துவது இதுவே: காண்பவர்க்குச் செயற்படும் உரிமையும் இருக்கும்போதுதான் தொழிலாளி பங்காளராகிறார்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரிலுள்ள பணியிடம் ஒன்றின் அறிவிப்புப் பலகைகளைப் பார்வையிட்டு, அவை யாருக்குப் புரியும் மொழியில் உள்ளன என்பதைக் குறித்து வருக.

2. 'கண்காணிக்கும் பலகை, பங்கேற்கச் செய்யும் பலகை' – வேறுபாட்டை எடுத்துக்காட்டுகளுடன் வகுப்பில் கலந்துரையாடுக.