லித்தியம் மாத்திரையும் முதுமையும்

கட்டுக்கடங்காத மனவெழுச்சியை லித்தியம் தணிக்கும் என்பதை 1949ஆம் ஆண்டில் மருத்துவ உலகுக்கு அறிவித்தவர் மெல்பேர்ண் மனநல மருத்துவர் ஜோன் கேட். இருமுனை மனநோய்க்கு இன்றும் அது பயன்மிக்க மருந்தாகும். ஆயினும், நோயைக் கட்டுப்படுத்தும் அளவுக்கும் நஞ்சாக மாறும் அளவுக்கும் இடையிலுள்ள இடைவெளி மிகக் குறுகியது.

உடலிலிருந்து லித்தியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். வயது ஏற ஏற அதன் செயற்றிறன் குறையும். எனவே, ஐம்பது வயதில் பொருத்தமாக இருந்த அதே மாத்திரை, எவரும் அளவைக் கூட்டாமலேயே, எழுபத்தைந்து வயதில் மிகையாகிவிடலாம்.

இரத்தத்தில் லித்தியத்தை உயர்த்தக்கூடியவை

• மூட்டுவலிக்கு உட்கொள்ளும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள். ஐபுபுரோஃபென் பல்பொருள் அங்காடியிலும் மருந்துச்சீட்டின்றிக் கிடைக்கிறது.
• இரத்த அழுத்தத்துக்கான மாத்திரைகளுள் சில. குறிப்பாகச் சிறுநீரைப் பெருக்குபவை.
• வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் கோடை வெப்பம், நீர் அருந்தாத விரதம்.
• உணவில் உப்பைத் திடீரெனக் குறைத்தல்.

அறிகுறிகள்

கைநடுக்கம் அதிகரித்தல், நடையில் தள்ளாட்டம், பேச்சுக் குழறல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மிகுந்த அயர்வு, மனக்குழப்பம் ஆகியன லித்தியம் மிகையானதைக் காட்டலாம். “வயது போனால் இப்படித்தான்” என்று இவற்றைக் கடந்துவிடலாகாது. பழைய நோய் திரும்பிவிட்டதாகக் கருதி, மாத்திரையைத் தவறாது கொடுப்பதில் குடும்பத்தினர் மேலும் கண்டிப்புக் காட்டினால், ஆபத்து பெருகும்.

இத்தகைய மாற்றம் தென்பட்டால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னரே மருத்துவரையோ நஞ்சுத் தகவல் நிலையத்தையோ (13 11 26) அழைக்க வேண்டும். மயக்கம், வலிப்பு, கடும் குழப்பம் ஏற்பட்டால் உடனே 000. அறிகுறி எதுவும் இல்லாதபோது அச்சத்தினால் மருந்தைத் தாமாக நிறுத்துவதும் தவறு. திடீரென நிறுத்தினால் நோய் மீளக்கூடும்.

முன்கூட்டியே செய்யத்தக்கவை

லித்தியத்தின் அளவையும் சிறுநீரகத்தின் நிலையையும் மருத்துவர் குறிக்கும் கால ஒழுங்கில் இரத்தப் பரிசோதனை மூலம் அறிய வேண்டும். வழமையாக, கடைசி மாத்திரை எடுத்து 12 மணிநேரத்தின் பின் இரத்தம் எடுக்கப்படும்.

குடும்ப மருத்துவரின் பரிந்துரையுடனும் நோயாளியின் ஒப்புதலுடனும், மருந்தாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து எல்லா மருந்துகளையும் ஒருங்கே மீளாய்வு செய்வார். தகுதியுடையோருக்கு இச்சேவை கட்டணமற்றது. வலி மாத்திரைகள், ஊரிலிருந்து வந்த சித்த, ஆயுர்வேத மருந்துகள் யாவற்றையும் அவரிடம் காட்ட வேண்டும்.

மனநோய் பற்றிய விபரங்களைப் பேரப்பிள்ளைகள் முன் கூறப் பெரியோர் தயங்குவர். அவர்களை மொழிபெயர்க்கச் செய்ய வேண்டியதில்லை. 131 450 என்ற எண்ணில் தமிழ் உரைபெயர்ப்பாளரைத் தொலைபேசி வழியாகப் பெறலாம். சந்திப்புக்கு முன்பதிவு செய்யும்போதே மருத்துவரிடமோ மருந்தகத்திலோ இதனைக் கோருக.