சைட்டு வாங்கினால் அது நாட்டின் முதலீடா?

கேள்வி: இரண்டு லாரி ஓட்டுகிறேன். போன வருடம் சேலம் ரோட்டோரம் ஒரு சைட்டு வாங்கினேன், நாமக்கல்லில் ஒரு பழைய லாரி எடுத்தேன், காட்டில் போர் போட்டேன். ‘நாட்டின் நிலையான முதலீடு கூடியிருக்கிறது’ என்று செய்தியில் சொல்கிறார்களே, இதெல்லாம் அதில் சேருமா? அந்த எண்ணை வைத்து நாங்கள் என்ன தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகர், புதுச்சத்திரம்

பதில்: மூன்றில் போர் மட்டும் சேரும்.

செய்தியில் நீங்கள் கேட்டது ‘மொத்த நிலையான மூலதன உருவாக்கம்’. ஓராண்டுக்கு மேல் உழைத்து, வேறு பொருளையோ சேவையையோ உண்டாக்கித் தரும் சொத்துகள் அந்த ஆண்டில் புதிதாக எவ்வளவு சேர்ந்தன என்பதே அது. சைட்டு முன்பும் அங்கேதான் இருந்தது. பத்திரத்தில் பெயர்தான் மாறியது. பழைய லாரிக்கு நீங்கள் கொடுத்த பணம் உங்களுக்கு முதலீடு, விற்றவருக்கு முதலீட்டுக் குறைவு. நாட்டுக் கணக்கில் இரண்டும் கழிந்துவிடும். அந்த லாரி புதிதாக இருந்தபோதே, ஓசூரிலிருந்து வந்த சேசிஸும் நாமக்கல் பட்டறையில் கட்டிய பாடியுமாக, ஒருமுறை கணக்கேறிவிட்டது. நகையும் இதில் வராது. கறவை மாடு வரும்; கறிக்கோழி வராது, அது விற்பனைக்கான இருப்பு. சொந்தக் குடும்பத்துக்கு வாங்கும் கார் நுகர்வுச் செலவு, கட்டும் வீடு முதலீடு.

நம் பகுதியில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. லாரியிலும் பண்ணையிலும் தறியிலும் சம்பாதித்த பணத்தில் பெரும்பங்கைச் சைட்டில் போட்டு வைப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. விலை ஏறுகிறது, கைமாறுகிறது. ஆனால் அதனால் ஒரு தறிகூட கூடுதலாக ஓடவில்லை. விற்றவர் அந்தப் பணத்தில் பட்டறை போட்டால்தான் நாட்டில் ஏதாவது புதிதாக முளைக்கும்.

இனி எண்ணுக்கு வருவோம். 2011-12ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட கணக்கில், அந்த ஆண்டு இந்த முதலீடு நாட்டு உற்பத்தி மதிப்பில் சுமார் 34 விழுக்காடு. கொரோனா பரவிய 2020-21இல் 27க்கு அருகில் இறங்கி, பிறகு 30ஐ ஒட்டி ஏறியது. சீனா நெடுங்காலமாக 40ஐ ஒட்டியோ அதற்கு மேலோ வைத்திருக்கிறது. இங்கே ஏறியதற்கு அரசு போட்ட பணம் முக்கியக் காரணம்: ஒன்றிய அரசின் மூலதனச் செலவு 2020-21இல் சுமார் 4.26 லட்சம் கோடி ரூபாய். 2024-25 பட்ஜெட்டில் ஒதுக்கியது 11.11 லட்சம் கோடி. சாலை, ரயில் பாதை என்று கண்ணால் பார்க்கிறோம்.

தனியார் ஆலைகள் அந்த வேகத்தில் முதலீட்டில் இறங்கவில்லை. ரிசர்வ் வங்கி காலாண்டுதோறும் ஆலைகளிடம் கேட்டு வெளியிடும் கணக்கில், இருக்கும் இயந்திரத் திறனில் முக்கால் பங்கை ஒட்டித்தான் பயன்பாடு இருந்துவருகிறது. கால் பங்கு சும்மா கிடக்கும்போது புது இயந்திரம் யார் வாங்குவார்கள்? அதனால் மொத்த எண்ணோடு நிற்காமல், அதில் கட்டுமானம் எவ்வளவு, இயந்திரம் எவ்வளவு என்று பாருங்கள். வேலையைக் கூட்டுவது பெரும்பாலும் பின்னதுதான் என்பது என் கருத்து.

இன்னொரு குறை. இது செலவை அளக்கிறது, பலனை அளப்பதில்லை. நீங்கள் போட்ட போருக்கான செலவு சேரும். எத்தனை இஞ்ச் தண்ணீர் வந்தது என்பது அதில் தெரியாது. ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வணிக வளாகமும், மூன்று ஷிஃப்ட் ஓடும் நூல் மில்லும் கட்டிய ஆண்டில் ஒரே மாதிரிதான் எண்ணப்படும். ‘மொத்த’ என்று சொல்வதால் தேய்மானமும் கழிக்கப்படுவதில்லை.

காலாண்டு முடிந்து சுமார் இரண்டு மாதம் கழித்துத்தான் இந்த எண் வரும். உங்கள் தொழிலில் இருப்பவருக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. சிமென்ட், கம்பி லோடு கூடுகிறதா, பாடி கட்டும் பட்டறையில் டிப்பர் ஆர்டர் எத்தனை வாரத்துக்கு நிற்கிறது என்று விசாரித்தாலே கட்டுமானம் எந்தப் பக்கம் போகிறது என்று முன்கூட்டித் தெரியும். மூன்றாவது லாரியைப் புதிதாக எடுப்பதாக இருந்தால் அதையும், டீசல் விலையையும், வாடகையில் மாதத் தவணை போக என்ன நிற்கும் என்பதையும் பார்த்து முடிவெடுங்கள்.